காசிநாதனின் உள்ளங்கால்

மஜீத் பாயின் எரால்டு காரைக் காசிநாதன் முப்பது வருஷத்துக்கு மேல் ஓட்டினான். ஒரு நாள்கூடச் செருப்புக் காலோடு ஓட்டியதில்லை. கதவைத் திறப்பான், செருப்பைக் கழற்றி மண்ணைத் தட்டி சீட்டுக்குப் பின்னால் வைப்பான், ஸ்டியரிங்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வான், அதற்கப்புறம்தான் சாவியைப் போடுவான். கடைத்தெருவில் இதைப் பக்தி என்று சொன்னார்கள். பக்தி கால்வாசிதான். மீதி முக்கால்வாசி சுயநலம். அந்த வண்டி அவனோடு பேசியது உள்ளங்கால் வழியாகத்தான்.

பாய் கேலி செய்வார். "பள்ளிவாசல் படியிலகூட நான் இவ்ளோ பதனமா கழட்டறதில்ல காசி."

"நீங்க உள்ள போயி தொழுதுட்டு வந்துருவீங்க பாய். நான் இத்த மலை ஏத்தணுமே," என்பான் காசிநாதன்.

அது அறுபதுகளில் மெட்ராசில் செய்த இரண்டு கதவு வண்டி. சோழவரத்தில் பந்தயம் ஓட்டிக்கொண்டிருந்த ஒருத்தர், கல்யாணமானதும் மாமனாருக்குப் பயந்து விற்றுத் தொலைத்தார், பாய் வாங்கிக்கொண்டார். பந்தயக்காரர் இரும்புக் கூரையைக் கழற்றிவிட்டுக் கித்தான் போட்டிருந்தார். இரண்டு கார்புரேட்டர் மாட்டியிருந்தார். புகைக்குழாயைத் தன் இஷ்டத்துக்கு வளைத்து, டிரைவரின் காலடிக்குக் கீழே கொண்டுபோயிருந்தார். அது சூடேறும் என்பதற்காக உள்ளே தரையில் ஓர் ஆஸ்பெஸ்டாஸ் தகடு, அதன் மேல் தடித்த ரப்பர் மேட். ஊரில் அதற்குப் பெயர் ரேசு வண்டி. டிராக்டர் சாமான் விற்கிற மனுஷனுக்கு எதற்கு ரேசு வண்டி என்று கேட்காத ஆள் கள்ளக்குறிச்சியில் இல்லை. பாய் ஒருத்தருக்கும் பதில் சொன்னதில்லை.

காசிநாதன் மணலூர்பேட்டைக்குப் பக்கத்தில் நிலமில்லாத வீட்டில் பிறந்தவன். அப்பா இருசப்பன் கரும்பு வெட்டினார்; மகன் கரும்பு டிராக்டரில் ஏறிவிட்டான். மூங்கில்துறைப்பட்டு ஆலை வாசலில் லோடு டிராக்டர்கள் வரிசைகட்டி நின்ற ஒரு நாள், பாயின் சிவப்பு வண்டி நடுவில் மாட்டிக்கொண்டது. எல்லோரும் ஹாரன் அடித்தார்களே தவிர ஒருத்தரும் நகரவில்லை. காசிநாதன்தான் டிரெய்லரோடு டிராக்டரைப் பின்னுக்குத் தள்ளி, வரப்போரம் ஒடித்து வழிவிட்டான். பாய் இறங்கி வந்து, "என் வண்டிய ஓட்டிப் பாக்கறியா?" என்று கேட்டார். டிராக்டரை அப்படியே போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தான். டிராக்டர் முதலாளி திட்டிய திட்டு இன்னும் அந்த ஆலை வாசலில்தான் கிடக்கும்.

வேலை நாளில் கடைக்கும் வீட்டுக்கும் ஓட்டுவதெல்லாம் கணக்கில் சேராது. வெள்ளிக்கிழமைதான் ஓட்டம். ஜும்மா முடிந்து சாப்பிட்டதும் இரண்டு பேரும் கிளம்புவார்கள். கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையைத் தாண்டி, கல்வராயன் மலைப்பாதை. வெள்ளிமலையில் ஒரு டீ. அப்புறம் இறக்கம். மலையில் அவர்களுக்கு ஒரு வேலையும் கிடையாது. ஓட்டுவதற்காக ஓட்டினார்கள், அவ்வளவுதான்.

அந்த வண்டி சும்மா போய்விடாது. மார்கழியில் சோக்கை இழுத்து, கொஞ்சி, திட்டித்தான் எழுப்ப வேண்டும். ஓடுகிறபோது முதல் கியரைப் போட்டால் கடிக்கும். கிளச்சை இரண்டு தரம் மிதித்து, நடுவில் ஆக்சிலேட்டரை லேசாகத் தொட்டு, அது சம்மதிக்கிறபோதுதான் போட வேண்டும். அந்தச் சம்மதம் உள்ளங்காலில் தெரியும். ரப்பர் மேட்டையும் தகட்டையும் தாண்டி ஓர் அதிர்வு மேலே ஏறி வரும். சக்கரம் ஜல்லியில் ஓடுகிறதா, ஈரத்தில் ஓடுகிறதா, வளைவில் பின்பக்கம் வழுக்கப் பார்க்கிறதா, எல்லாம் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்னால் காலுக்குத் தெரிந்துவிடும். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவையும் தன் உடம்பாலேயே வளைத்து முடித்த மாதிரி இருக்கும். பிறந்ததிலிருந்து அடுத்தவன் சொன்னதைக் கேட்டே வளர்ந்தவன் அவன். அவன் சொன்னதைக் கேட்டு, கேட்டதற்குப் பதிலும் சொன்னது உலகத்தில் அது ஒன்றுதான்.

பாயின் மகள் ரஜியா கடையைப் பார்த்துக்கொள்ளத் தொடங்கியதும் ஒரு புது வண்டி வாங்கினாள். கியர் மாற்றுகிற வேலை கிடையாது, கிளச் கிடையாது. பெல்ட் போடாவிட்டால் மணியடிக்கும். பின்னால் போனால் கத்தும். காசிநாதனை ஓட்டிப் பார்க்கச் சொன்னாள். அவன் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போய்விட்டு வந்து இறங்கினான்.

"எப்படிண்ணா இருக்கு?"

"நல்லாத்தான் இருக்குது பாப்பா. வூட்ல சோபாவுல குந்திக்கினு டிவி பாக்கறாப்ல இருக்குது. அதுக்கு டிரைவர் எதுக்கு?"

ரஜியா சிரித்தாள். "வயசான காலத்துல உங்களுக்கு அதான்ணா லாயக்கு."

"வயசாவட்டும், அப்புறம் பாக்கலாம்," என்றான். அந்தப் பேச்சில் இருந்த திமிரை நினைத்தால் எனக்கே வயிறு எரிகிறது.

ஒரு மழைக்காலத்தில் எரால்டு பேச்சைக் குறைத்துக்கொண்டது. காசிநாதனுக்கு அப்படித்தான் தோன்றியது. ஈரத்தில் சக்கரம் ஓடினால் முன்பெல்லாம் ஒரு வழவழப்பு ஏறி வரும், அது வரவில்லை. கியர் சம்மதிக்கிற நேரம் பிடிபடவில்லை, கடித்தது. மெக்கானிக் கந்தசாமியிடம் கொண்டுபோனான். கந்தசாமி முன்பக்க மூடியைத் தூக்கிப் பார்த்தான், அடியில் படுத்துப் பார்த்தான், கியர் எண்ணெயை மாற்றினான், ஒரு ரவுண்டு ஓட்டிவிட்டும் வந்தான்.

"வண்டி கல்லு மாதிரி இருக்குது. உனக்குத்தான் இன்னாவோ ஆயிட்ச்சி," என்றான் கந்தசாமி.

"உனுக்குத் தெரியாது. அது சத்தம் கம்மியா பேசுது."

கந்தசாமி வேலையாட்களைப் பார்த்துக் கண்ணடித்தான். காசிநாதன் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டான்.

அவன் யோசித்து யோசித்து ஒரு முடிவுக்கு வந்தான். பாழாய்ப்போன முடிவு. நடுவில் இருக்கிற ரப்பர் மேட்டும் தகடும்தான் வண்டியின் பேச்சை அமுக்குகின்றன, வருஷக்கணக்கில் மிதிபட்டு இறுகிப்போயிருக்கும் என்று நினைத்தான். ஒரு மத்தியானம் பாய் வீட்டுக் கொட்டகையில் இரண்டையும் பிய்த்து எடுத்துவிட்டான். அடியில் வெறும் இரும்பு. பாதத்தை வைத்துப் பார்த்தான். சில்லென்று ஏதோ தெரிந்த மாதிரி இருந்தது. தெரிய வேண்டும் என்ற ஆசைதான் அப்படித் தெரிந்திருக்கும். அவனுக்கு அது போதுமாக இருந்தது.

சாப்பிட உட்கார்ந்திருந்த ஒரு நாள், அவன் மனைவி செல்லியம்மாள் சோற்றுக் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"இன்னாய்யா கால்ல?"

குதிகாலில் ஒரு கண்ணாடிச் சில் ஏறி நின்றிருந்தது. சுற்றிலும் ரத்தம் காய்ந்திருந்தது. எங்கே ஏறியது என்று அவனுக்குத் தெரியவில்லை. செல்லியம்மாள் அதைப் பிடுங்கி எடுத்தாள். அவன் முகம் சுளிக்கவேயில்லை. அவள் அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, கொண்டை ஊசியை எடுத்துப் பாதத்தில் ஓர் இடத்தில் குத்தினாள். அவன் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தான். இன்னோர் இடத்தில் குத்தினாள். அதற்கும் பிசைந்துகொண்டிருந்தான். அவள் வாயை முந்தானையால் பொத்திக்கொண்டாள்.

ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். சர்க்கரை. எத்தனை வருஷமாக இருந்ததோ, ஒருத்தருக்கும் தெரியாது. கால் நரம்பு போய்விட்டது, போனது திரும்பாது, இனி வெறுங்காலோடு வாசப்படியைக்கூடத் தாண்டக்கூடாது என்றார்கள். வண்டி ஓட்டுகிற வேலை என்று அவன் வாயைத் திறக்கவில்லை. செல்லியம்மாள் சொல்லப்போனாள், அவள் கையைப் பிடித்து அழுத்தினான்.

வெளியே வந்ததும் அவள் விட்டுவிட்டாள் என்று நினைக்காதீர்கள்.

"பாய்கிட்ட நான் சொல்றன்," என்றாள்.

"சொன்னியானா நான் கோமுகி அணையில குதிச்சிருவன்."

"கால்ல உணர்ச்சி இல்லாம அத்த எப்படிய்யா ஓட்டுவ?"

"ஓட்டிக்கினுதான இருக்கறன்."

அவன் சொன்னால் செய்வான் என்று அவளுக்குப் பயம். அந்தப் பயத்தில் வாயை மூடிக்கொண்டாள்.

அதற்கப்புறம் அவன் பட்ட பாடு சொல்லி மாளாது. உப்பைக் கரைத்துக் கொதிக்கிற தண்ணீரில் காலை விடப்போனான். செல்லியம்மாள் குண்டானைப் பிடுங்கிக் கொட்டினாள். வேப்பெண்ணெய் தேய்த்தான். ஆற்று ஜல்லியில் வெறுங்காலோடு நடந்தான், கல் குத்தினாலாவது நரம்பு முழித்துக்கொள்ளும் என்று. ஒன்றும் முழிக்கவில்லை. கொட்டகையில் யாரும் இல்லாதபோது வண்டியில் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு காலை வீசிப் பார்ப்பான். இது பிரேக் என்று சொல்லிவிட்டுக் கண்ணைத் திறந்தால் கால் தரையில் இருக்கும். மறுபடி வீசுவான். முழங்காலை எவ்வளவு தூக்கினால் பாதம் எங்கே போகும் என்று தொடையைக் கொண்டு பழகினான். எஞ்சின் சத்தத்தைக் கேட்டு, ஆக்சிலேட்டர் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று கணக்குப் போட்டான். காது அவனைக் கைவிடவில்லை. இப்படியே காலத்தை ஓட்டிவிடலாம் என்று நம்பினான். வேறு எதை நம்புவது?

நோன்புப் பெருநாள் வந்தது. ரஜியாவின் பிள்ளைகள் ரேசு வண்டியில் மலைக்குப் போக வேண்டும் என்று குதித்தார்கள். புது வண்டியில் போகலாமே என்று ரஜியா சொல்லிப் பார்த்தாள். பிள்ளைகள் கேட்கவில்லை. காசிநாதன் மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். வயிற்றுவலி என்று ஒரு பொய் போதும். ஆனால் மாட்டேன் என்று ஒரு தரம் சொன்னால், அது ஏன் என்ற கேள்வியில் போய் முடியுமே என்று பயந்தான். ஏற்றிக்கொண்டான். பிள்ளைகள் பின்சீட்டில் நின்றுகொண்டு காற்றில் கத்திக்கொண்டே வந்தார்கள். அவன் சட்டை முழுக்க வேர்த்து முதுகோடு ஒட்டிக்கொண்டது. பத்திரமாகத்தான் திரும்பினான். இறங்கியதும் கொட்டகைக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தான்.

அடுத்து வந்த வெள்ளிக்கிழமை, கச்சிராயபாளையம் தாண்டி ரோடு வேலை நடந்த இடத்தில், வண்டியின் அடியில் ஒரு கல் அடித்தது. சத்தம் பலமாகத்தான் இருந்தது. முன்பென்றால் நிறுத்தி, குனிந்து பார்த்திருப்பான். இப்போது நிறுத்தி இறங்கினால் பாய் தன் தடுமாறுகிற நடையைப் பார்த்துவிடுவாரே என்று போய்க்கொண்டே இருந்தான். அந்தக் கல் புகைக்குழாயை நெளித்து, அவன் காலடித் தரையோடு சேர்த்து அமுக்கிவிட்டிருந்தது.

மலை ஏறத் தொடங்கியது. சின்ன கியர், முழு ஆக்சிலேட்டர். ஏற்றத்தில் வலது குதிகாலைத் தரையில் ஊன்றி, முன்பாதத்தால் ஆக்சிலேட்டரை மிதித்துக்கொண்டே இருக்க வேண்டும். காதைத் தீட்டிக்கொண்டு ஓட்டினான். எஞ்சின் அருமையாகப் பாடியது. நாலைந்து வளைவு நல்லபடியாக வந்தது. இன்றைக்குக் கைகூடிவிட்டது என்று அவனுக்கு ஒரு சந்தோஷம்கூட வந்தது.

"காசி, இன்னாவோ கருகுது," என்றார் பாய்.

காசிநாதனுக்கும் வாடை வந்தது. வயர் கருகுகிற வாடை மாதிரி இல்லை. வண்டியை ஓரம்கட்டினான். இரண்டு பேரும் இறங்கி முன்பக்க மூடியை முழுசாகக் கவிழ்த்துத் தேடினார்கள். வயர் நன்றாக இருந்தது. பெல்ட் நன்றாக இருந்தது. கிளச் பக்கம் மூக்கை வைத்துப் பார்த்தான், வாடை இல்லை. பாய் பின்சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தார். எங்கே போனாலும் அந்த வாடை அவர்கள் கூடவே வந்தது.

"முடி பொசுங்கறாப்ல அடிக்குது காசி. எலி கிலி மாட்டிக்கினு இருக்குமா?"

"பாக்கறங்க பாய்," என்று காசிநாதன் வெறுங்காலோடு வண்டியை இன்னொரு சுற்றுச் சுற்றினான்.

பாய் தார் ரோட்டைப் பார்த்தார். வண்டியைச் சுற்றி அவன் நடந்த இடமெல்லாம் ஈரமாக ஒரு தடம் இருந்தது. எண்ணெய் என்று நினைத்துக் குனிந்து தொட்டார். அப்புறம் டிரைவர் பக்கத்துக் கதவைத் திறந்து தரையைப் பார்த்தார். குதிகால் வைக்கிற இடத்தில் இரும்போடு தோல் ஒட்டிக்கொண்டிருந்தது.

"குந்து," என்றார் பாய். "காசி, கீழ குந்து. கால காட்டு."

காசிநாதன் ரோட்டோரப் பாலச்சுவரில் உட்கார்ந்து காலைத் திருப்பிப் பார்த்தான். குதிகால் வெந்து பிளந்திருந்தது. வெள்ளையாக ஏதோ தெரிந்தது. அது தன்னுடைய கால் என்று மனசு ஒப்புக்கொள்ள நேரமாயிற்று. பாய் தோளில் கிடந்த துண்டை எடுத்து, அதைச் சுற்றிக் கட்டினார். எண்பது வயது மனுஷர் ரோட்டில் மண்டியிட்டு உட்கார்ந்து, தன் டிரைவரின் காலை மடியில் வைத்துக் கட்டினார்.

"ரொம்ப வலிக்குதா?"

அந்தக் கேள்வியில் அவனுக்கு உயிர் வந்தது. பாய்க்கு இன்னும் தெரியவில்லை.

"வலிக்குதுங்க பாய். உயிர் போவுது," என்று முகத்தைக் கோணிக்கொண்டு சொன்னான். சொன்னதும் கண்ணில் தண்ணீர் கொட்டத் தொடங்கியது. அது நடிப்பில்லை. துளிகூட வலிக்கவில்லையே என்று அழுதான். பாய் வலியில் அழுகிறான் என்று நினைத்து, அவன் முதுகைத் தடவிக் கொடுத்தார்.

"பஸ்சு வரும். ஏறிப் போயிரலாம். வண்டி கெடக்கட்டும்."

"வாணாங்க பாய். இறக்கம்தான. நான் இறக்கிருவன்."

"இந்தக் காலோடவா?"

"இத்த இங்க வுட்டுட்டு நான் வரமாட்டங்க பாய்."

அவனுக்குத் தெரியும், இப்போது சீட்டை விட்டு எழுந்தால் மறுபடி அதில் உட்கார முடியாது. பாய் எவ்வளவோ சொன்னார். அவன் ஏறி உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டான். கடைசியில் பாய் ஏறினார். காசிநாதன் வண்டியைத் திருப்பி இறக்கத்தில் விட்டான்.

துண்டு சுற்றிய கால் பெரிசாக இருந்தது. எந்தப் பெடலில் இருக்கிறது என்று தெரியவில்லை. தலையைக் குனிந்து பார்த்துப் பார்த்து ஓட்டினான். இரண்டாவது வளைவில் பஸ் ஏறி வந்தது. காசிநாதன் பிரேக்கை மிதித்தான். மிதித்ததாகத்தான் நினைத்தான். எஞ்சின் உறுமியது. வண்டி நிற்பதற்குப் பதிலாகப் பாய்ந்தது. காது சொன்னது, கால் ஆக்சிலேட்டரில் இருக்கிறது என்று. ஹேண்ட் பிரேக்கைப் பிடித்து இழுத்தான். வண்டி குறுக்கே சுழன்று, தடுப்புச் சுவரை உரசிக்கொண்டு நின்றது. சுவருக்கு அந்தப் பக்கம் மரங்களின் தலைதான் தெரிந்தது. பஸ்காரன் எட்டிப் பார்த்துத் திட்டிவிட்டுப் போனான்.

பாயின் கை டாஷ்போர்டைப் பிடித்தபடி இருந்தது.

"பிரேக்கு புடிக்கலியா?" என்று கேட்டார்.

காசிநாதன் தன் வாழ்க்கையில் அதற்கு முன் பாயிடம் பல பொய் சொல்லியிருப்பான். டீக்கடையில் இருந்துகொண்டு டயர் பஞ்சர் என்று சொல்லியிருப்பான். ஆனால் அந்த வண்டியின் மேல் ஒரு குறை சொன்னதில்லை.

"ஆமாங்க பாய்," என்றான். "புடிக்கல. பிரேக்கு போயிட்ச்சி."

பாய் அப்புறம் அவன் பேச்சைக் கேட்கவில்லை. கீழே இறங்கி வந்த ஒரு ஜீப்பை நிறுத்தி அவனை ஏற்றினார். எரால்டு சுவரோரம் கோணலாக நின்றது. வளைவு திரும்புகிற வரைக்கும் காசிநாதன் பின்னாலேயே பார்த்துக்கொண்டு வந்தான்.

பாய்க்கு வழக்கமாக வைத்தியம் பார்க்கிறவர் டாக்டர் தெய்வசிகாமணி. துருகம் ரோட்டில் கிளினிக். கட்டைப் பிரித்துப் பார்த்தார். சுத்தம் செய்தார். பஞ்சு தேய்க்கும்போதெல்லாம் காசிநாதன் மறக்காமல் "ஸ்ஸ்" என்றான். சில சமயம் பஞ்சு பாட்டிலுக்குப் போயிருக்கும்போதும் சொன்னான்.

கதவுக்கு அந்தப் பக்கம் பாய் ரஜியாவோடு போனில் பேசுவது கேட்டது.

"ஆமாம்மா. அல்லா காப்பாத்தினான். பிரேக்கு சுத்தமா இல்ல. இல்லம்மா, கந்தசாமி வாணாம், ரிப்பேரும் வாணாம். நீ சொன்னப்பவே நான் கேட்டிருக்கணும். காயலான்கடைக்காரன அனுப்பிரு. மலையிலியே ஒடச்சி ஏத்திக்கினு போவட்டும். அது மூஞ்சில நான் இனிமே முழிக்க மாட்டன். என் டிரைவர் கால சுட்டுட்ச்சிம்மா அது."

காசிநாதன் கட்டில் விளிம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். சுத்தியல் முன்பக்க மூடியில் விழுகிற சத்தம் அவனுக்கு அப்போதே கேட்டது.

பாய் உள்ளே வந்து பக்கத்தில் நின்றார். டாக்டர் தொட்டுச் சோதிக்கிற மெல்லிய நைலான் நரம்பு ஒன்றை எடுத்தார்.

"கண்ண மூடிக்கங்க. நான் கால தொடுவேன். தொடறப்ப சொல்லுங்க."

காசிநாதன் கண்ணை மூடினான். காதைக் கூர்மையாக்கினான். டாக்டரின் மூச்சு, சட்டை உரசல், நாற்காலிச் சத்தம், இதையெல்லாம் வைத்துக் கணக்குப் போட்டான்.

"ம்," என்றான். கொஞ்சம் பொறுத்து, "ம்," என்றான். இன்னும் கொஞ்சம் பொறுத்து, "இப்ப," என்றான்.

கண்ணைத் திறந்தான். டாக்டர் எதிரே இல்லை. கை கழுவுகிற இடத்தில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். நைலான் நரம்பு மேசையில் கிடந்தது.

"பாய், இவருக்கு ரெண்டு கால்லயும் உணர்ச்சி இல்ல. நேத்து இன்னிக்கி வந்ததில்ல இது," என்றார் டாக்டர். "இவர எப்படி வண்டி ஓட்ட வுட்டீங்க?"

பாய்க்கு அது உறைக்கவில்லை. "அவன் மேல தப்பு இல்லீங்க டாக்டர். வண்டிதான் பிரேக்கு இல்லாம போயிட்ச்சி. கெழட்டு வண்டி. அத்த தூக்கிப் போடச் சொல்லிட்டன்."

அவர் காசிநாதனின் தோளில் கையை வைத்துக்கொண்டே அதைச் சொன்னார். காசிநாதன் அந்தக் கையின் கனத்தைத் தோளில் உணர்ந்தான். பேசாமல் இருந்தால் இந்தக் கை இப்படியே இருக்கும். பாய் கடைசிவரை தன்னை நம்புவார். கடையில் உட்காரவைத்து சோறு போடுவார். வண்டி மட்டும் நாளைக்குப் பழைய இரும்பாகிவிடும், தன்னைக் கொல்லப் பார்த்த வண்டி என்ற பெயரோடு.

"பிரேக்குல ஒண்ணுமில்லீங்க பாய்," என்றான்.

"இன்னா?"

"பிரேக்கு நல்லா புடிக்கும். நான்தான் மாத்தி மிதிச்சிட்டன். எது பிரேக்குன்னு எனக்குத் தெரியல. ரொம்ப மாசமாவே தெரியலீங்க. அத்த ஒடைக்க வாணாம்னு பாப்பாகிட்ட சொல்லிருங்க. அது மேல ஒரு தப்பும் இல்ல."

தோளில் இருந்த கை எடுபட்டது. பாய் சுவரோரம் கிடந்த நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தார். அவர் கத்துவார் என்று காசிநாதன் எதிர்பார்த்தான். கத்தியிருந்தால் தேவலை.

"பெருநா அன்னிக்கு," என்றார் பாய். "ரஜியா புள்ளைங்கள ஏத்திக்கினு மலைக்குப் போனியே காசி. அப்பவும் இப்படித்தானா?"

அவனுக்குப் பொய் சொல்லத் தெரியாமல் போகவில்லை. சொல்ல மனசு வரவில்லை.

"ஆமாங்க பாய்."

பாய் போனை எடுத்து மறுபடி ரஜியாவைக் கூப்பிட்டார். வெளியே போய்ப் பேசவில்லை. அங்கேயே, அவன் எதிரிலேயே பேசினார்.

"வண்டிய ஒடைக்க வாணாம்மா. கந்தசாமிய அனுப்பி இறக்கிக்கினு வரச் சொல்லு. வண்டி நல்லாத்தான் இருக்குது. நீ வேற டிரைவர் பாரு."

காசிநாதன் கட்டிலில் உட்கார்ந்து முழுசாகக் கேட்டான். காது அவனுக்கு நன்றாகத்தான் இருந்தது.